வீடு ஓரிடம், காவல் வேறிடம்: நார்வே தன் எஃப்-35 விமானங்களுக்குத் தளம் தேடியது

இந்த ஆய்வு எதைப் பற்றியது

ஒரு நாடு போர் விமானம் வாங்குகிறது என்றால் விலை என்ன, எவ்வளவு தூரம் போகும், என்ன ஏவுகணை சுமக்கும் என்று எல்லோரும் பேசுகிறோம். வாங்கியதை எங்கே நிறுத்துவது என்ற கேள்விக்கு அதில் பாதிக் கவனம்கூடக் கிடைப்பதில்லை. விமானம் முப்பது நாற்பது வருடம் உழைக்கும். அத்தனை வருடமும் அது எவ்வளவு சீக்கிரம் எல்லைக்குப் போகும், தாக்குதல் வந்தால் தப்புமா, அதைப் பழுது பார்க்கும் ஆட்கள் எங்கே குடியிருப்பார்கள், யாருடைய வீட்டு ஜன்னல் அதிரும் என்பதெல்லாம் தளத்தைப் பொறுத்தவை.

நார்வே 2008இல் எஃப்-35 விமானத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தது. ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே நன்கு பழகிய ஒரு பெரிய தளம் இருந்தது. இருந்தும் புதிய விமானங்களின் வீட்டை வட்டத்துக்கு வெகு தெற்கே அமைத்தார்கள். காவலுக்கு மட்டும் சில விமானங்களை வடக்கே நிறுத்தினார்கள். அந்த முடிவு எப்படி வந்தது, பிறகு என்ன ஆனது என்பதை வரிசையாக இங்கே பதிவு செய்கிறேன். மனிதர்களைப் பெயரால் அல்லாமல் பொறுப்பால் மட்டும் குறிப்பிடுகிறேன்.

பின்னணி

நார்வே மிக நீளமான, ஒடுங்கிய நாடு. தெற்கு முனையிலிருந்து வட முனை வரை நேர்க்கோட்டில் சுமார் 1,750 கி.மீ. வரும். 2012இல் மக்கள்தொகை 50 லட்சம்தான். வடகிழக்கு மூலையில் ரஷ்யாவுடன் சுமார் 200 கி.மீ. எல்லை இருக்கிறது. அதற்கு அப்பால் கோலா தீபகற்பம். ரஷ்யாவின் வடக்குக் கடற்படையும், அணு ஏவுகணை தாங்கிய நீர்மூழ்கிகளும், பல விமானத் தளங்களும் அங்கேதான் இருக்கின்றன. நார்வேயின் பாதுகாப்புச் சிந்தனையில் பெரும்பகுதி கோலாவைப் பார்த்தபடிதான் நடக்கிறது.

வடக்கே போர் விமானங்களின் இருப்பிடமாகப் பல தலைமுறைகளாக இருந்தது போடோ நகரம். அட்சரேகை 67 டிகிரி; ஆர்க்டிக் வட்டத்தைச் சற்றே தாண்டிய ஊர். 1960 மே 1 அன்று பெஷாவரிலிருந்து கிளம்பி சோவியத் ஒன்றியத்தின் மேல் சுட்டு வீழ்த்தப்பட்ட அமெரிக்க யூ-2 உளவு விமானம் போய் இறங்க வேண்டிய இடம் இதே போடோதான். 1980 முதல் நார்வே எஃப்-16 விமானங்களைப் பெறத் தொடங்கியது. மொத்தம் 74 வாங்கியது. போடோவில் எப்போதும் இரண்டு எஃப்-16 விமானங்கள் ஆயுதத்தோடு, உத்தரவு வந்த 15 நிமிடத்துக்குள் மேலே ஏறும் தயார்நிலையில் நின்றன. நேட்டோவுக்காகச் செய்த காவல் அது. அடையாளம் சொல்லாமல் வரும் விமானத்தைப் பக்கத்தில் போய்ப் பார்த்து, படம் எடுத்து, அது போகும் வரை கூடவே பறந்துவிட்டுத் திரும்புவது அன்றாட வேலை. 2007 ஆகஸ்டில் ரஷ்யா தொலைதூரக் குண்டுவீச்சு விமானங்களின் ரோந்தை மீண்டும் தொடங்கியதும் அந்த வேலை அதிகமானது.

அடுத்த ஆண்டு நவம்பரில் அரசு எஃப்-35ஐத் தேர்ந்தெடுத்தது. எண்ணிக்கை பிறகு 52 என்று நிலைத்தது. எஃப்-16 காலத்துக் கணக்கோடு ஒப்பிட்டால் குறைவான விமானங்கள். ஆனால் ஒவ்வொன்றும் பல மடங்கு விலை. பழையபடி இரண்டு பெரிய தளங்களில் பிரித்து வைத்தால், கட்டடம், பாதுகாப்பு, கருவி, உதிரிபாகம், பயிற்சிக் கூடம் எல்லாவற்றையும் இரண்டாகக் கட்ட வேண்டும். எஃப்-35 தளத்துக்கான பாதுகாப்பு விதிகளும் கடுமையானவை. ஆகவே முதன்மைத் தளம் ஒன்றுதான் என்ற கட்டுப்பாடு ஆரம்பத்திலேயே மேசைக்கு வந்துவிட்டது. பின்னால் வந்த வாதங்கள் எல்லாம் அதற்குள் நின்றே நடந்தன. இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம், விவாதம் முழுக்க எந்த ஊர் என்பதாகவே காதில் விழுந்தாலும், பெரிய முடிவு எத்தனை தளம் என்பதில்தான் எடுக்கப்பட்டது.

ஒப்பீட்டில் தெரிந்தவை

கடைசிச் சுற்றில் எதிரெதிரே நின்றவை போடோவும் ஓர்லாந்தும். ஓர்லாந்து 63.7 டிகிரியில், டிரோண்ட்ஹெய்ம் வளைகுடாவின் வாயில் இருக்கும் தட்டையான விவசாய நிலம். அங்கேயும் எஃப்-16 படைப்பிரிவு இருந்தது. நேட்டோவின் முன்னெச்சரிக்கை ரேடார் விமானங்கள் வந்து தங்கும் இடமாகவும் அது ஏற்கெனவே இருந்தது. போடோவிலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 450 கி.மீ. தெற்கு.

போடோ தரப்பின் வாதம் எளிதாகப் புரியும். அச்சுறுத்தல் வடக்கே இருக்கிறது, ஆட்கள் வடக்கே வாழ்ந்து பழகிவிட்டார்கள், நாட்டின் கூட்டுப் படைத் தலைமையகம் பக்கத்திலேயே ரெய்தானில் மலைக்குள் இருக்கிறது. சுமார் 50,000 பேர் வாழும் நகரம் என்பதால் படைவீரரின் துணைக்கு வேலை, பிள்ளைக்குப் பள்ளி, மருத்துவமனை எல்லாம் கிடைக்கும். இது சின்ன விஷயம் இல்லை. தொழில்நுட்ப ஆட்கள் குடும்பத்தோடு வந்து தங்காத தளம் சில வருடத்தில் ஆள் இல்லாமல் தவிக்கும்.

போடோவுக்கு எதிராக நின்ற பெரிய காரணம் சத்தம். அந்த ஊரின் ஓடுபாதை நகரத்தை ஒட்டியே போகிறது. விமான நிலையத்திலிருந்து கடைத்தெருவுக்கு நடந்தே போய்விடலாம். எஃப்-35 எஃப்-16ஐவிட இரைச்சல் அதிகமானது. அதைப் போடோவில் வைத்தால் இரைச்சல் வட்டத்துக்குள் வரும் வீடுகளின் எண்ணிக்கை ஓர்லாந்தைவிடப் பல மடங்கு. அதைத் தணிக்க ஓடுபாதையையே நகரத்திலிருந்து தள்ளிக் கட்ட வேண்டும், அதற்குப் பெரும் செலவு. அதோடு போடோ வட நார்வேயின் பெரிய சிவில் விமான மையம். பயணிகள் விமானத்துக்கு நடுவே தினமும் டஜன் கணக்கில் போர் விமானப் பயிற்சி நடத்துவது சிக்கல்.

இரண்டாவது காரணத்தை வெளியே கொஞ்சம் அடக்கியே பேசினார்கள்: ஆழம். எல்லைக்கு அருகே இருக்கும் தளத்திலிருந்து சீக்கிரம் எழும்பலாம், அந்தத் தளத்துக்கு எதிரியின் ஏவுகணையும் சீக்கிரம் வந்துவிடும். கோலாவிலிருக்கும் செவரோமோர்ஸ்க்கிலிருந்து ஓர்லாந்துக்கு ஏறத்தாழ 1,200 கி.மீ. அந்தத் தூரம் ஒரு கவசம். தவிர, போர் வந்தால் நட்பு நாடுகளின் படைகள் கடல் வழியாக வந்து இறங்கப் போவது மத்திய நார்வேயில். அமெரிக்க மரைன் படை தன் தளவாடங்களை ஏற்கெனவே அந்தப் பகுதிக் குகைகளில் சேமித்து வைத்திருக்கிறது. வரும் உதவிக்கு வானத்திலிருந்து காவல் தர ஓர்லாந்து நல்ல இடம்.

பனியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆர்க்டிக் என்றதும் உறைபனிப் பாலைவனம் மனதில் வரும். நார்வே கடற்கரை அப்படி இல்லை. அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீரோட்டத்தால் துறைமுகங்கள் குளிர்காலத்திலும் உறைவதில்லை. விமானிக்குத் தொல்லை தருவது அந்த வெதுவெதுப்புதான். வெப்பநிலை பூஜ்யத்துக்கு மேலும் கீழுமாக ஆடும்போது, மழை பெய்து, அது ஓடுபாதையில் கண்ணாடி மாதிரி உறைந்துவிடும். பக்கவாட்டுக் காற்றும் சேரும். அதனால்தான் நார்வே தன் எஃப்-35 விமானங்களுக்கு வால் பக்கத்தில் பிரேக் பாராசூட் பொருத்த வேண்டும் என்று கேட்டு வாங்கியது. அமெரிக்க விமானப்படையின் எஃப்-35களில் அது கிடையாது. போடோ, ஓர்லாந்து, போடோவுக்கும் வடக்கே இருக்கும் ஏவனெஸ் என எந்தக் கடற்கரைத் தளத்துக்குப் போனாலும் இந்தப் பிரச்சினை கூடவே வரும் என்பதால் தேர்வில் இதன் எடை குறைவாகவே இருந்தது.

2012: முதல் முடிவு

2011 இறுதியில் படைகளின் தலைமைத் தளபதி தன் தொழில்முறைப் பரிந்துரையில் ஓர்லாந்தை முதன்மைத் தளமாக முன்வைத்தார். 2012 மார்ச்சில் அரசு அதே திசையில் நீண்டகாலத் திட்டத்தை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவந்தது. ஜூனில் நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டது. போடோவின் போர் விமானத் தளம் காலப்போக்கில் மூடப்படும். வடக்கே ஏவனெஸில் ஒரு முன்னணித் தளம் இருக்கும். 15 நிமிடக் காவல் விமானங்கள் அங்கே நிற்கும்.

ஏன் ஏவனெஸ்? காவலுக்கு நிற்கும் சில விமானங்களுக்காகப் போடோ தளம் முழுவதையும் திறந்து வைத்திருந்தால் மிச்சம் பிடித்த பணம் மறுபடி அங்கேயே போய்விடும். ஏவனெஸ் 68.5 டிகிரியில், ஹார்ஸ்தா, நார்விக் ஊர்களுக்கு நடுவே இருக்கிறது; போடோவிலிருந்து இன்னும் சுமார் 165 கி.மீ. வடகிழக்கே. பனிப்போர்க் காலத்தில் நட்பு நாட்டு விமானங்களுக்காகத் தயார் செய்த வசதிகள் அங்கே இருந்தன. பக்கத்தில் ராம்சுந்த் கடற்படைத் தளம். வடக்கே கொஞ்சம் போனால் தரைப்படையின் பெரும்பகுதி. மூன்றையும் ஒரே வான் பாதுகாப்புக் குடைக்குள் வைக்கலாம் என்ற கணக்கு.

இந்தப் பிரிப்பு என் கணிப்பில் சரியான யோசனை. காவல் வேலைக்குச் சில விமானமும் கொஞ்சம் ஆளும் போதும், ஆனால் அவை வடக்கே இருந்தே ஆக வேண்டும். ஓர்லாந்திலிருந்து ஏவனெஸ் 620 கி.மீ. தூரம். மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் போனாலும் 40 நிமிடம் ஆகும், அதற்குள் அடையாளம் தெரியாத விமானம் தன் வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கும். பயிற்சி, பெரிய பராமரிப்பு, விமானிகளை உருவாக்குவது போன்ற வேலைகளுக்கு அந்த 40 நிமிடம் ஒரு பொருட்டே இல்லை. அவற்றுக்கு இடமும் ஆட்களும் அமைதியான வான்வெளியும்தான் வேண்டும். இந்த இரண்டு தேவைகளையும் ஒரே ஊரின் தலையில் கட்டாமல் பிரித்துப் பார்த்தார்கள்.

போடோ மக்கள் இதைச் சும்மா ஏற்கவில்லை. நகரமே கடுமையாக வாதாடியது. நூற்றுக்கணக்கான குடும்பங்களின் வேலை போகிறது, வடக்கைக் கைவிடுகிறார்கள் என்ற கோபம் இருந்தது. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. காவல் விமானம் வடக்கே இருந்தாலும், விமானிகளும் பழுது பார்ப்பவர்களும் முறை வைத்து வந்து போவார்கள். குடியிருக்கும் படை என்று ஒன்று அங்கே இராது.

ஓர்லாந்தில் நடந்தவை

அப்போது ஓர்லாந்து நகராட்சியில் மொத்தமே சுமார் 5,000 பேர். போடோவில் தவிர்த்த சத்தம் மறைந்துவிடவில்லை, எண்ணிக்கையில் குறைவான மக்கள் மேல் விழுந்தது. ஓடுபாதைக்கு நெருக்கமான வீடுகளை அரசு வாங்கியது. கொஞ்சம் தள்ளி இருந்தவற்றுக்குச் சுவரையும் ஜன்னலையும் மாற்றிச் சத்தத் தடுப்பு செய்தது. எந்த வீடு எந்த வட்டத்துக்குள் வருகிறது, விலை எப்படி முடிவாகும் என்பதில் வருடக்கணக்கில் இழுபறி. தலைமுறையாக உழுத பண்ணையை விட்டுப் போகும் குடும்பத்துக்குச் சந்தை விலை போதுமா என்ற கேள்விக்கு யாரிடமும் நல்ல பதில் இல்லை. ஒப்பீட்டு அட்டவணையில் குறைவான வீடுகள் என்று ஒரு கட்டத்தில் எழுதிவிடலாம். அந்த வீடுகளில் இருந்தவர்களுக்கு அது முழு வாழ்க்கை.

கட்டுமானத்துக்கு முன் தொல்லியல் சட்டப்படி நிலத்தைத் தோண்டிப் பார்க்க வேண்டியிருந்தது. 2014 முதல் 2016 வரை பல்கலைக்கழக அருங்காட்சியகக் குழு தளத்தை ஒட்டிய வயல்களில் அகழாய்வு நடத்தியது. கிறிஸ்துவுக்கு முந்தைய இரும்புக் காலத்தில் தொடங்கி இடைக்காலம் வரை மக்கள் வாழ்ந்த பெரிய குடியிருப்பின் தடம் வெளிவந்தது. தளம் தேர்ந்த காரணத்தோடு இதற்குச் சம்பந்தம் இல்லைதான். ஆனாலும் வளைகுடா வாயில், தட்டையான நிலம், பாதுகாப்பான கரை என்று இன்றைய படை அதிகாரிகள் கண்ட அதே சாதகங்களை அந்த ஆதி மக்களும் கண்டிருக்கிறார்கள் என்பது எனக்கு மனதைத் தொட்டது.

2017 நவம்பர் 3 அன்று முதல் மூன்று எஃப்-35 விமானங்கள் ஓர்லாந்தில் இறங்கின. 2019 நவம்பரில் ஆரம்பச் செயல்திறன், அதாவது முதற்கட்டமாகப் பணியில் இறங்கும் தயார்நிலை, அறிவிக்கப்பட்டது.

2016: இரண்டாவது முடிவு

இதற்கிடையே இன்னொரு முடிவும் ஏவனெஸை நோக்கி வந்தது. ஏவனெஸுக்கு வடக்கே சுமார் 100 கி.மீ. தூரத்தில் கடலை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் தீவு ஆண்டோயா. 1960களிலிருந்து நார்வேயின் கடல் கண்காணிப்பு விமானங்களின் வீடு அது. நீர்மூழ்கி தேடும் பி-3 ஓரியன் விமானங்கள் அங்கிருந்துதான் பேரன்ட்ஸ் கடல் மேல் பறந்தன. தீவின் நகராட்சியில் சுமார் 5,000 பேர். ஊரின் பொருளாதாரமே அந்தத் தளம்தான்.

ஓரியனுக்குப் பதிலாக பி-8 பொசைடன் ஐந்து வாங்குவது என்ற திட்டத்தோடு, ஆண்டோயாவை மூடி எல்லாவற்றையும் ஏவனெஸுக்கு மாற்ற அரசு 2016இல் முன்மொழிந்தது. நவம்பரில் நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டது. காரணம் 2012இல் சொன்னதுதான்: ஒரே இடத்தில் காவல் படை, ஒரே வான் பாதுகாப்பு, குறைந்த செலவு.

2012 முடிவின் பலமான அம்சம் பிரிப்பு. 2016 முடிவு அதற்கு எதிர்த்திசையில் போனது: வடக்கே இருந்த இரண்டு முக்கிய விமான வேலைகளை ஒரே ஓடுபாதையில் சேர்த்தது. அந்த ஓடுபாதையைப் பயணிகள் விமானங்களும் பகிர்ந்துகொள்கின்றன. அதைச் சுற்றிப் பாதுகாக்கப்பட்ட ஈரநிலங்கள் இருப்பதால் நினைத்த இடத்தில் கட்டடம் கட்டவும் முடியாது. ஆண்டோயாவில் ஏற்கெனவே இருந்த கொட்டகைகளையும் வசதிகளையும் விட்டுவிட்டு இங்கே புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. ஒரே ஓடுபாதையில் குழி விழுந்தால் இரண்டு கண்களும் ஒரே நேரத்தில் மூடிவிடும் என்று ஆண்டோயா தரப்பு எச்சரித்தது. ஊர்ப்பாசத்தால் வந்த வாதம் என்று அதை ஒதுக்கியவர்கள் இருந்தார்கள். ஊர்ப்பாசம் இருந்தது உண்மை. வாதத்திலும் பிழை இல்லை.

2022: காவல் கைமாறியது

2022 ஜனவரி 6 அன்று 15 நிமிடக் காவலை ஏவனெஸில் நின்ற எஃப்-35 விமானங்கள் ஏற்றுக்கொண்டன. போடோவில் 40 வருடத்துக்கு மேல் நீண்ட எஃப்-16 காலம் முடிந்தது. அந்த எஃப்-16 விமானங்களில் ஒரு பகுதி பிறகு ருமேனியாவுக்கு விற்கப்பட்டது, ஒரு பகுதி உக்ரைனுக்குக் கொடையாகப் போனது.

முதல் பி-8 ஏவனெஸில் வந்து இறங்கிய நாள் 2022 பிப்ரவரி 24. அதே நாள் அதிகாலையில் ரஷ்யா உக்ரைன் மீது முழு அளவில் படையெடுத்தது. தளத் திட்டம் முழுவதும் அமைதிக் காலச் சிக்கனக் கணக்கில் போடப்பட்டது, அது வடக்கே உருப்பெற்று வந்த வாரத்தில் அந்தக் கணக்கின் அடிப்படையே மாறிவிட்டது. உக்ரைன் போரின் முதல் நாட்களில் ரஷ்ய ஏவுகணைகள் தேடிப் போனவற்றில் விமானத் தளங்கள் முக்கியமானவை. உக்ரைன் விமானப்படை தப்பிப் பிழைத்ததற்கு ஒரு காரணம், விமானங்களை ஒரே இடத்தில் நிற்க விடாமல் சிதறடித்தது. ஒரு முதன்மைத் தளம், ஒரு முன்னணித் தளம் என்று சுருங்கியிருந்த நாட்டுக்கு இதைப் படிக்க எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதன் பிறகு

நிலைமை இரண்டு வழியில் சீரானது. முதலாவது, யாரும் திட்டமிடாத ஒன்று. 2023 ஏப்ரலில் பின்லாந்தும் 2024 மார்ச்சில் சுவீடனும் நேட்டோவில் சேர்ந்தன. ஆர்க்டிக் வட்டத்தின் மேலேயே இருக்கும் பின்லாந்தின் ரொவானியெமி தளமும், சுவீடனின் லூலேயோவும் நட்பு நாட்டுத் தளங்களில் இருந்து கூட்டணித் தளங்களாக மாறின. 2012இல் நார்வே தன் வடக்கைத் தனியாகக் கணக்கிட வேண்டியிருந்தது. இப்போது வடக்கு முழுவதும் ஒரே வரைபடம். பின்லாந்தும் 64 எஃப்-35 வாங்குகிறது என்பதால் ஒரே வகை விமானத்துக்கு அங்கேயும் கருவியும் ஆளும் இருக்கும். 2023 செப்டம்பரில் நார்வேயின் எஃப்-35 விமானங்கள் பின்லாந்தின் டெர்வோ பக்கத்தில் நெடுஞ்சாலையில் இறங்கிக் காட்டின. அந்த ரக விமானம் சாலையில் இறங்கியது அதுதான் முதல் முறை.

இரண்டாவது, கைவிட்டதைத் திரும்ப எடுப்பது. 2024இன் நீண்டகாலத் திட்டத்தில் தொலைதூர ஆளில்லா விமானங்களுக்கான தளமாக ஆண்டோயா குறிக்கப்பட்டது. நார்வேயில் அமெரிக்கப் படைகள் பயன்படுத்தக்கூடிய இடங்களைக் குறிக்கும் அமெரிக்க ஒப்பந்தத்தில் 2021இல் ஏவனெஸ் இடம்பெற்றது. 2024இல் விரித்த பட்டியலில் ஆண்டோயாவும் ஓர்லாந்தும் சேர்ந்தன. போடோவின் கதை வேறு மாதிரித் திரும்பியது. ஓடுபாதையைச் சுமார் 900 மீட்டர் தென்மேற்கே நகர்த்தி, பழைய தளத்தின் நிலத்தில் நகரத்தை விரிக்கும் வேலை நடக்கிறது. 2012இல் போர் விமானத்துக்காகச் செய்ய முடியாது என்று விட்ட ஓடுபாதை மாற்றம், இப்போது குடியிருப்புக்காக நடக்கிறது. 2025 அக்டோபரில் நேட்டோ தன் புதிய கூட்டு வான் நடவடிக்கை மையத்தை போடோவில் திறந்தது. விமானம் போன ஊருக்கு, விமானங்களை வழிநடத்தும் வேலை வந்தது.

52 எஃப்-35 விமானங்களில் கடைசி இரண்டும் 2025 ஏப்ரல் 1 அன்று ஓர்லாந்தில் இறங்கின.

இன்று இதே தேர்வு வந்தால்

முதன்மைத் தளத்தைத் தெற்கே வைத்ததை நான் மாற்றமாட்டேன். ஆழம், கூட்டணி வரவு, சத்தம் ஆகிய மூன்று காரணங்களும் 2022க்குப் பிறகு வலுத்திருக்கின்றனவே தவிரக் குறையவில்லை. காவலை ஏவனெஸுக்குக் கொண்டுபோனதும் சரி.

மாற்ற வேண்டியது மூன்று இடங்களில். ஒன்று, மூடுவதைப் பற்றிய கணக்கு. ஒரு தளத்தைத் திறந்து வைத்திருக்கும் செலவு ஆண்டுதோறும் பட்ஜெட்டில் கண்ணுக்குத் தெரியும். அதை மூடிவிட்டு, பத்து வருடம் கழித்து மறுபடி தேவைப்பட்டால் ஆகும் செலவு எந்தப் பத்தியிலும் வராது. ஆண்டோயாவை முழுதாக மூடாமல், ஓடுபாதையும் எரிபொருளும் கொஞ்சம் ஆட்களுமாக உறக்க நிலையில் வைத்திருந்தால் 2024இல் பாதி வேலை மிச்சம்.

இரண்டு, சத்தத்துக்கு உட்படும் குடும்பங்களோடு பேசும் காலம். தளம் முடிவான பிறகு இரைச்சல் வட்டம் வரைவதைவிட, வட்டத்தையும் இழப்பீட்டு விதியையும் முதலில் வரைந்து, அதையும் சேர்த்து ஒப்பிட்டிருக்க வேண்டும். ஓர்லாந்து மக்களில் பலர் தளம் வருவதை வரவேற்றவர்கள். தன் வீட்டின் கதி தெரியாமல் காத்திருந்த வருடங்கள்தான் அவர்களைக் கசப்பாக்கின.

மூன்றாவது, சிதறி நிற்கும் பழக்கம். ஒரே முதன்மைத் தளம் என்ற முடிவை எடுத்த அன்றே, அந்தத் தளம் இல்லாமல் ஒரு மாதம் இயங்குவது எப்படி என்ற பயிற்சியும் தொடங்கியிருக்க வேண்டும்: எந்தச் சாலை, எந்தச் சிவில் ஓடுபாதை, எரிபொருள் லாரி எங்கிருந்து வரும், குண்டு ஏற்றும் குழு எப்படிப் போகும் என்று. முடிவு எடுத்தது 2012இல், விமானம் சாலையில் இறங்கியது 2023இல். நடுவே இருந்த பதினோரு வருடத்தில் பாதியாவது இதற்குக் கிடைத்திருக்கலாம்.